மேலே போகிற கடதாசி

எங்கள் சிறிய பட்டினத்தில் யார் எந்தப் பக்கம் வோட்டுப் போடுவார்கள் என்பது தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். ரியூப் ஒட்டி முடியும்வரை காத்திருப்பவர்கள் வாசலில் போட்ட நீள மர வாங்கில் இருந்து கதைப்பார்கள். நான் நிலத்தில் குந்தியிருந்து, தண்ணீர்ச் சட்டிக்குள் ரியூப்பை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். குனிந்து வேலை செய்கிறவனுக்குக் காது கேட்காது என்று சனம் எப்படியோ நம்புகிறது.

கோயிலடிக் குறிச்சி முழுவதும் பழைய கட்சிக்கு. அங்கே தகப்பன் போட்ட சின்னத்துக்கே மகனும் போடுவான். "அந்தச் சின்னத்திலை ஒரு தும்புத்தடியை நிப்பாட்டினாலும் போடுவம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே வாயால், வென்றவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று அடுத்த நாளே திட்டுவார்கள். சந்தையடிக் கடைக்காரர்கள் வெல்லப்போகிற பக்கம். ரயில் பாதைக்கு அப்பால் வீட்டுத்திட்டத்தில் இருப்பவர்கள் முகாம்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தண்ணீர்க் குழாய் யார் கொண்டு வந்தார் என்று பார்ப்பார்கள். எங்கள் ஒழுங்கை மட்டும் எப்போதும் கலவன்.

எல்லா ஆண்டும் இப்படி இருந்ததில்லை. வோட்டுப் போடக் கூடாது என்று சொல்லப்பட்ட தேர்தல் ஒன்று இருந்தது. அன்றைக்கு வீதியில் நாய்தான் திரிந்தது. வேறொரு தேர்தலில் மத்தியானம் போல மனிதர்கள் வந்து கையை நீட்டச் சொல்லி, இடது சின்னி விரலில் மை இருக்கிறதா என்று பார்த்தார்கள். மை இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒருவர் தன் வோட்டைப் பற்றிச் சொல்லும்போது கையை மடியில் வைத்துக்கொள்வார்.

பாராளுமன்றத் தேர்தலில் வோட்டுப் பெட்டிகள் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஊர் ஊராகக் கலந்துவிடும். பிரதேச சபைத் தேர்தல் அப்படியல்ல. எங்கள் வட்டாரத்து வோட்டை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே வைத்து எண்ணுகிறார்கள். பொழுதுபட முன்னம் கணக்கு வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு ஊர் கூடியிருந்து, இந்த வீட்டில் நாலு, அந்த வீட்டில் மூன்று என்று பிரித்துப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று தேடும். சென்ற பிரதேச சபைத் தேர்தலில் என்னுடைய அண்ணை நின்றார்.

அண்ணைக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். ஐயா செத்த ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அதோடு படிப்பை நிறுத்தி அண்ணை என்னைச் சைக்கிள் கடையில் சேர்த்துவிட்டார். அன்றைய முதலாளியிடம் என் சம்பளத்தைக் கேட்டவர் அவர். எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்களிடம், "அவன் கூச்சக்காரன், கட்டாயப்படுத்தாதேங்கோ" என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான். சோதனைச் சாவடியில் என்னை நிறுத்தினால், பின்னால் வருகிற அண்ணை ஓடி வந்து, "அவன் கதைக்கமாட்டான் சேர், நான் சொல்லுறன்" என்பார். நாக்கு இருந்தும் ஊமையாக வாழ முடிந்ததென்றால் அது அவரால்தான். மத்தியானச் சோறும் அவர் வீட்டிலிருந்தே வரும். அண்ணி சாப்பாட்டுக் கரியரில் போட்டு, தோட்டத்துக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்துவிடுவார்.

அவர்களுக்கு ஒரே மகன். பத்தொன்பது வயதில் ரியூசனுக்குப் போனவனை வழியில் ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் வேலியோரம் கிடந்தது. முன் சில்லு கொஞ்சம் நெளிந்திருந்தது. அதை அண்ணை என்னிடம் கொண்டு வந்து தந்து, "நிமித்தி வை, வந்து கேப்பான்" என்றார். நான் நிமிர்த்தி, கடை முகட்டில் கொளுவி வைத்தேன். மாதத்துக்கு ஒருமுறை இறக்கிக் காற்று அடிப்பேன். ரயர் இரண்டு தடவை வெடித்து மாற்றியாகிவிட்டது.

அண்ணி அன்றிலிருந்து எழுதத் தொடங்கினார். ஆணைக்குழு, செஞ்சிலுவை, மனித உரிமை, அமைச்சர், ஆயர், எல்லா இடத்துக்கும். போட்டோப் பிரதி எடுக்கச் சந்திக்கு வர வேண்டும் என்பதால் பல தடவை நான்தான் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு கடதாசியிலும் பிள்ளையின் பெயர், கொண்டுபோன நாள், அடையாள அட்டை இலக்கம். ஒன்பது எண்ணும் கடைசியில் வி என்ற எழுத்தும். எனக்கு என்னுடைய இலக்கம் பாடமில்லை. பிள்ளையின் இலக்கம் நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.

காலம் போகப் போக, வெறும் இடம் உள்ள எந்தக் கடதாசியைக் கண்டாலும் அண்ணி அதை எழுதத் தொடங்கினார். குடிசன மதிப்புக்கு வந்த படிவத்தில் எழுதினார். உரமானியப் படிவத்தின் பின்பக்கம் எழுதினார். டெங்குக்கு வீடு பார்க்க வந்தவர்களின் துண்டிலும் எழுதிவிட்டார். ஊர் அலுவலரான விதானையார் அதைத் திருப்பிக் கொண்டு வந்து, "அக்கா, இது நுளம்புக்கு உள்ள படிவம்" என்றார்.

"அரசாங்கத்துக்குத்தானே போகுது?" என்று கேட்டார் அண்ணி.

"ஓம், போகுதுதான்."

"அப்ப கிடக்கட்டும்."

விதானையார் என்னைப் பார்த்தார். நான் படலையைப் பார்த்தேன்.

அண்ணை தேர்தலுக்கு நிற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. அதுவும் அரசாங்கக் கட்சியில். அந்தக் கட்சியின் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து போயிருந்தார். வட்டாரத்தை வென்று தந்தால் கொழும்பில் உரிய அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருத்திக் கதைக்க வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் அதை மனதாரச் சொன்னாரோ வெறும் வாயால் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. அண்ணைக்கு அது போதுமாக இருந்தது. மனு எழுதி எழுதிக் களைத்துப் போன மனிதர் அவர். அந்த மேசையில் ஒரு கதிரை கிடைக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். வீதியோ, விளக்கோ, சபையோ அவர் நினைவில் இருக்கவில்லை.

என் கடை வாங்கில் இது பெரிய பகிடியாகிவிட்டது. அண்ணை ஒருநாள் நோட்டீசோடு வந்தபோது ஓட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் வாங்கில் இருந்தார்.

"என்ன அண்ணை, பிள்ளையை எடுத்தவங்களிட்டையே போய்ச் சேந்திட்டியளாம்?"

அண்ணை நோட்டீசை அவர் கையில் வைத்தார். "எடுத்தவனிட்டைத்தானே கேக்க வேணும்? எடுக்காதவனிட்டைக் கேட்டு என்ன செய்யிறது?"

ஓட்டோக்காரர் நோட்டீசை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற மாஸ்டர் பழைய கட்சியின் ஆள். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "உம்மடை விசயத்துக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனால் என்ரை வோட்டு உமக்கில்லை" என்றார்.

"தெரியும் மாஸ்டர். முகத்துக்கு நேரை சொன்னியள், அது போதும்."

அந்த முறை ஊரில் ஒரு மாற்றம் தெரிந்தது. பழைய கட்சிக்காரர்கள் மீது சலிப்பு. கோயிலடியிலேயே சில வீடுகள் வாய் திறக்காமல் இருந்தன. வாய் திறக்காத வீடு மாறப்போகிற வீடு. சந்தையடி, வழக்கம்போலக் காற்றைப் பார்த்து, அரசாங்கப் பக்கம் சாய்ந்தது. அண்ணை வெல்லக்கூடும் என்று எனக்குப் பட்டது. இரவில் அவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்து வீடு வீடாகப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். என் பெயருக்கு நேரே குறி போடும்போது என்னைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். அதற்கு முந்திய எல்லாத் தேர்தலிலும் நான் பழைய கட்சிக்கே போட்டவன் என்பது அவருக்குத் தெரியும்.

அண்ணி மட்டும் வோட்டுப் போட வரமாட்டேன் என்று நின்றார். பிள்ளை போனதிலிருந்து அவர் போட்டதில்லை. தேர்தலுக்கு இரண்டு நாள் முந்திப் பின்னேரம், நான் அவர்கள் வீட்டுக் குசினி வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணை, அடுப்படியில் இருந்த அண்ணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, என்னோடு கதைக்கிற அதே குரலில் கதைத்தார்.

"கேளும். நீர் போடுற புள்ளடி நேரை மேலை போகும்."

"மேலை எண்டால்?"

"கொழும்புக்கு. எங்கடை வட்டாரம் இவ்வளவு போட்டிருக்கு எண்டு பாப்பினம்."

"ஒவ்வொரு கடதாசியையும் பாப்பினமோ?"

"பாக்காமல் எண்ணேலுமே? ஒவ்வொண்டா எடுத்து விரிச்சுப் பாத்துத்தான் எண்ணுவினம்."

அண்ணி அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். பிறகு, "அப்ப வாறன்" என்றார்.

அண்ணைக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோசம். இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

வோட்டுப் போட்டு எண்ணி முடியும்வரை அங்கே கட்சி முகவராக இருக்க அண்ணை என்னைக் கேட்டார். "உனக்கு அங்கை கதைக்கிற வேலை இல்லையடா. சும்மா இருந்து பார். எங்கடை வோட்டிலை ஏதும் பிழை விட்டால் மட்டும் வாயைத் திற" என்றார். அவர் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடம்தான். அதே மண்டபம். கூரை மட்டும் புதிது. அட்டைப் பெட்டியால் மறைப்புக் கட்டி இரண்டு மேசை போட்டிருந்தார்கள். முகவர்களுக்குச் சுவரோடு ஒரு வாங்கு. பழைய கட்சிக்கு மாஸ்டர் வந்திருந்தார். மூன்றாவது கட்சி ஒன்றுக்கு அந்த ஓட்டோக்காரர். பொறுப்பதிகாரி வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெண். கண்ணாடி போட்டவர், ஆருக்கும் சத்தம் போடாதவர். வாசலில் ஒரு பொலிஸ்காரர்.

விடியவே நான் என் வோட்டைப் போட்டேன். அண்ணையின் சின்னத்துக்கு நேரே, குறுக்குக் கோடு இரண்டும் கட்டத்துக்கு வெளியே போகாமல், இரண்டு தரம் பார்த்துப் புள்ளடி போட்டேன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பத்து மணி போல அண்ணி வந்தார். விரலில் மை பூசி, சீட்டை வாங்கி, மறைப்புக்குள் போனார். போனவர் வரவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் மற்றப் பக்கத்தால் போட்டுவிட்டுப் போனார்கள். பொறுப்பதிகாரி ஒருமுறை எட்டிப் பார்த்தார். மாஸ்டர் என் காதுக்குள், "என்ன, கொண்ணி சோதினை எழுதுறாவோ?" என்றார். நான் சிரித்தேன். கடைசியில் அண்ணி வெளியே வந்து, சீட்டைப் பெட்டிக்குள் போட்டு, அது உள்ளே விழுந்த பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காரியம் முடித்தவரின் தலையாட்டல்.

நாலு மணிக்குக் கதவு மூடினார்கள். பெட்டியை மேசையில் கொட்டிப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு கட்டு. சந்தேகமானவற்றைப் புறம்பாக வைத்துவிட்டு, பிரித்து முடிந்ததும் பொறுப்பதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து எங்களுக்குக் காட்டினார். ஒன்றில் இரண்டு புள்ளடி. ஒன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் ஆரோ ஒரு மாட்டின் படம் கீறியிருந்தார், நல்ல கை. ஒன்றில் "எல்லாரும் கள்ளர்" என்று குறுக்கே எழுதியிருந்தது.

"இது எங்கள் எல்லாருக்கும் போட்ட வோட்டு. ஆளுக்கு ஒண்டாப் பிரிச்சுத் தாங்கோ மிஸ்" என்றார் ஓட்டோக்காரர். எண்ணுகிறவர்கள் சிரித்தார்கள். பொறுப்பதிகாரியும் கொஞ்சம் சிரித்தார்.

அடுத்த கடதாசியை விரித்தபோது அவர் சிரிப்பு நின்றது. முதலில் தானே வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு சத்தமாக வாசிக்காமல், எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

அண்ணையின் சின்னத்துக்கு நேரே ஒரு அழகான புள்ளடி. கீழே ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்ன எழுத்தில், கொண்டுபோன நாள். ஒன்பது எண், வி. அதற்குக் கீழே: பிள்ளைக்குத் தொய்வு இருக்கு, குளிரிலை படுக்க விடாதேங்கோ, மருந்து குடுங்கோ. பெயர் மட்டும் இல்லை. பெயருக்கு இடம் காணவில்லை.

நான் வாசிக்க மெதுவானவன். அந்த எண்ணை வாசிக்கத் தேவையிருக்கவில்லை.

"புள்ளடி சரியா இருக்கு" என்றார் பொறுப்பதிகாரி. "ஆனால் வோட்டுப் போட்ட ஆளை அடையாளம் காட்டுற எழுத்திருந்தால் எடுக்கேலாது. இந்த நம்பர், வோட்டுப் போட்ட ஆளின்ரையோ வேறை ஆரின்ரையோ எண்டு எனக்குத் தெரியாது. முகவர்மார் ஏதும் சொல்லப் போறியளோ?"

"எழுத்திருந்தால் செல்லாதுதானே மிஸ்" என்றார் ஓட்டோக்காரர். இப்போது அவர் குரலில் பகிடி இல்லை.

பொறுப்பதிகாரி என்னைப் பார்த்தார். "உங்கடை கட்சிக்கு விழுந்த வோட்டு. நீங்கள்தான் சொல்ல வேணும்."

சொல்வதற்கு என்னிடம் ஒரு வசனம் இருந்தது. இது போட்டவரின் இலக்கம் இல்லை, இந்த இலக்கத்துக்கு உரியவன் இந்த ஊர் இடாப்பிலேயே இல்லை. அவ்வளவுதான். அதைச் சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் ஆருடைய இலக்கம் என்று சொல்ல வேண்டும். வாசலில் பொலிஸ்காரர் நிற்கிறார். அண்ணி தன் புருசனுடைய வோட்டையே பழுதாக்கினார் என்று பொழுதுபட முன்னம் ஊர் சிரிக்கும். சொன்ன பிறகும் அவர்கள் எடுப்பார்களோ, மாட்டார்களோ. இதெல்லாம் பிறகு நான் கோர்த்துக்கொண்ட காரணங்கள். அந்த நேரத்தில் நடந்தது வேறு. யாரோ பின்னால் ஓடி வந்து, அவன் கதைக்கமாட்டான், நான் சொல்லுறன் என்று சொல்லப்போவதாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியைக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிள்ளைக்கு அவர் கணக்குப் படிப்பித்தவர். தொய்வு வந்து வகுப்பில் மூச்சு இழுக்கும்போது சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டவர். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போடாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி" என்றார் மெதுவாக. "உம்மடை வோட்டு. கேளும். நான் ஆட்சேபிக்கமாட்டன். வாயைத் திறவும்."

என்னை எதிர்க்க வந்தவர் எனக்காகக் கெஞ்சுகிறார். நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். சொல்ல ஒன்றுமில்லை என்று. பொறுப்பதிகாரி கடதாசியைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு முத்திரையை எடுத்துக் குத்தி, மாட்டுப் படத்துக்கும் கள்ளர்களுக்கும் மேலே அதை வைத்தார்.

கட்டுகளை எண்ணினார்கள். ஒருமுறை எண்ணி, ஆரும் கேட்காமலே திரும்பவும் எண்ணினார்கள். பழைய கட்சி ஒரு வோட்டால் வென்றது. சமனாக வந்திருந்தால் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்று பொறுப்பதிகாரி யாருக்கோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். மாஸ்டர் வென்ற கட்சியின் முகவர். அவர் கையெழுத்து வைத்துவிட்டு பின்கதவால் வெளியே போனார்.

அண்ணை வாசலில் நின்றார். சந்தியில் அதற்குள் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

"எவ்வளவாலை?"

நான் ஒரு விரலைக் காட்டினேன். மை பூசின விரல்தான் அது, தற்செயலாக.

அடுத்த நாள் காலமை அவர் கடைக்கு வந்தார். வாங்கில் இருக்கவில்லை. கையில் அந்த இடாப்பு.

"எல்லா வீடும் சரிபாத்திட்டன். ஒரு வோட்டுத்தான் இடிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "நீ எதுக்குப் போட்டனி?"

"உங்களுக்கு."

"உண்மையைச் சொல்லு. அடிக்கமாட்டன்."

"உங்களுக்குத்தான் அண்ணை."

"செல்லாத வோட்டு எத்தினை? என்ன எழுதிக் கிடந்தது?"

"ஒண்டிலை கள்ளர் எண்டு. ஒண்டிலை ஒரு மாடு."

"வேறை?"

நான் சாவியை எடுத்து இறுக்கத் தேவையில்லாத ஒரு நட்டை இறுக்கினேன். "வேறை ஞாபகம் இல்லை."

பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. எந்தப் பொய் என்பதுதான் தெரியவில்லை.

"சின்னனிலை இருந்து உனக்காக ஊரெல்லாம் நான் கதைச்சன்" என்றார். "ஒரு புள்ளடி. வாயாலைகூட இல்லை, கையாலை ஒரு புள்ளடி. அது ஏலாமல் போச்சு உனக்கு."

அவர் ஸ்ரூலை இழுத்துப் போட்டு ஏறி, முகட்டிலிருந்த பிள்ளையின் சைக்கிளை இறக்கினார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். காற்று நிறைந்த சில்லுகளோடு அது சத்தமில்லாமல் அவரோடு உருண்டு போயிற்று. அன்று மத்தியானம் சோறு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

சொந்தத் தம்பியே போடவில்லையாம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வாங்கில் இருப்பவர்கள் நான் குனிந்திருக்கும்போதும் இப்போது கதையை நிறுத்துகிறார்கள். கோயிலடியில் சிலர் என்னைப் பழைய கட்சியின் விசுவாசி என்று நினைத்து, வலிய வந்து சிரிக்கிறார்கள். அதுதான் தாங்க முடியாதது. மாஸ்டருக்கு மட்டும் தெரியும். ஒருநாள் சைக்கிளுக்குக் காற்று அடிக்க வந்தவர், ஆரும் இல்லாத நேரம் பார்த்து, "சொல்லிப்போடும்" என்றார். நான் கேட்டேன், ஆருக்குச் சொல்ல, அண்ணைக்குச் சொன்னால் அவர் அண்ணியை எப்படிப் பார்ப்பார் என்று. மாஸ்டர் பம்பியைக் கீழே வைத்துவிட்டு, "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணி ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வழியில் கடை வாசலில் நின்றார். அண்ணை தோட்டத்தில் நிற்கிற நேரம். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சோற்றுப் பார்சலை எடுத்து வாங்கில் வைத்தார்.

"கொண்ணையின்ரை கோவம் போகும். நீர் போட்டனீர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அந்தக் கடதாசியள் எல்லாம் மேலை போயிட்டுதோ?"

"போயிட்டுது அண்ணி. பெட்டியிலை வைச்சு, அரக்குக் குத்தி, பொலிஸ் ஜீப்பிலை ஏத்தினவை."

"விரிச்சுப் பாத்தவையோ?"

"ஒரு அம்மா பாத்தவ. இரண்டு தரம் வாசிச்சவ."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அண்ணியின் முகத்தில் நெடுங்காலம் காணாத ஒன்று வந்தது. அதைச் சந்தோசம் என்று எழுத எனக்கு மனமில்லை.

"இரண்டு தரமோ" என்றார். "மருந்து விசயமும் எழுதினனான். பேர் எழுத இடம் காணேல்லை. பேர் இல்லாமல் அவை எப்பிடித் தேடுவினம்? அடுத்த முறை இன்னும் சின்னனா எழுத வேணும்."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எழுதினால் வோட்டுச் செல்லாது என்றாவது. அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கோயில் பக்கம் நடந்துவிட்டார்.

அண்ணை அடுத்த முறையும் நிற்பாராம் என்று சந்தையில் கதை. இந்த முறை ஒரு வோட்டுத்தானே, அடுத்த முறை வெல்லலாம் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறாராம். அண்ணை இப்போதே இடாப்பில் என் பெயரை வெட்டிவிட்டு, வேறு வீடு தேடிக்கொண்டிருப்பார். முகவராகப் போகிறவன் நானாக இருக்கமாட்டேன். எண்ணுகிற மேசையில் அண்ணியின் அடுத்த கடதாசியை விரித்துக் காட்டும்போது, அந்த ஒன்பது எண்ணும் ஆருடையது என்று தெரிந்தவர் அண்ணையின் கட்சிக்காக அந்த வாங்கில் இருக்கப்போவதில்லை.